பொறுப்பில் இருப்போரின் பழக்கங்களும் பணியாளர் உடல் நலமும்

ஹைதராபாத் நகரின் மேற்குப் புறத்தில் கொண்டாப்பூர் என்னும் பகுதி இருக்கிறது. தெலுங்கு மொழியில் 'கொண்ட' என்பது குன்றைக் குறிக்கும் சொல். தக்காணப் பீடபூமிக்கே உரிய கருங்கற் பாறைகள், ஒன்றன்மேல் ஒன்றாக யாரோ அடுக்கி வைத்தாற்போல் நிற்கும் நிலம் அது. 1998-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், இதற்கு அண்மையிலுள்ள மாதாப்பூரில் 'சைபர் டவர்ஸ்' என்னும் கட்டடம் திறக்கப்பட்டது. அதன் பின்னர் இவ்வட்டாரம் முழுவதும் கணிப்பொறி நிறுவனங்களும், அவற்றில் பணி புரிவோர் குடியிருக்கும் அடுக்கு மாடி வீடுகளும் பெருகின. பாறைகள் பல உடைபட்டு மறைந்தன.

இங்கு மாலை ஏழு மணி என்பது அலுவல் முடியும் வேளை அன்று. பலருக்கு அது அலுவலின் நடுப்பகுதி. கோடைக் காலத்தில் நியூயார்க் நகரத்துக் கடிகாரம் காலை 9 மணி காட்டும்போது கொண்டாப்பூரில் மாலை 6-30 மணி. கலிபோர்னியாவில் காலை 9 மணி ஆகும்போது இங்கே இரவு 9-30 மணி. கடலுக்கு அப்பால் இருக்கும் மேலாளர் காலைக் காப்பியை முடித்துவிட்டு முதற் கேள்வியைக் கேட்கும் நேரம், இங்கிருக்கும் பணியாளர் இரவு உணவுக்கு உட்கார வேண்டிய நேரமாகும். உணவு தள்ளிப்போகிறது, உறக்கம் அதனினும் தள்ளிப்போகிறது.

இவ்வாழ்க்கை உடலை என்ன செய்கிறது என்பதை அளந்து பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2025-ஆம் ஆண்டில் 'சயண்டிபிக் ரிப்போர்ட்ஸ்' என்னும் விஞ்ஞான ஏட்டில் வெளியாயிற்று. ஹைதராபாத் பல்கலைக் கழகத்து ஆராய்ச்சியாளர்களும் அந்நகரத்து ஈரல் நோய் மருத்துவ நிபுணர்களும் சேர்ந்து, கணிப்பொறித் துறையில் பணி புரியும் 345 பேரைச் சோதித்தனர். அவர்களுள் 290 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 84 பேருக்கு, கல்லீரலில் கொழுப்பு மிகுந்திருந்தது. 245 பேர், அதாவது நூற்றுக்கு 71 பேர், உடற் பருமன் உடையவராயிருந்தனர். நெடுநேரம் உட்கார்ந்திருத்தல், மன இறுக்கம், முறை மாறி வரும் வேலை நேரம், உறக்கக் குறைவு ஆகியவை இந்நிலைக்குத் துணை செய்வனவாகச் சுட்டப்பட்டன. 345 பேர் என்பது சிறிய தொகைதான். ஒரே சமயத்தில் செய்த சோதனையைக் கொண்டு இது காரணம், இது காரியம் என்று அறுதியிட்டுக் கூறுவதும் இயலாது. ஆயினும், நன்றாகப் படித்து, நல்ல ஊதியம் பெற்று, குளிர்ந்த அறையில் அமர்ந்திருக்கும் இவர்களிடையே நூற்றுக்கு 84 என்ற எண் வந்திருப்பது அலட்சியம் செய்யத் தக்கது அன்று.

கிராமத்தில் பணி புரியும் கிராம நலச் செவிலியருக்கும், வேளாண்மை அலுவலருக்கும், பள்ளி ஆசிரியருக்கும் கொண்டாப்பூரைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். வெயிலில் நடப்பவர் வேறு, கணிப்பொறியின் முன் அமர்ந்திருப்பவர் வேறு என்பது முன்னொரு காலத்தில் முற்றிலும் பொருந்தியது. இன்று கிராமத்திலும் நடை குறைந்துவிட்டது. மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. பதிவேட்டின் இடத்தில் கைத்தொலைபேசி இருக்கிறது. மேலிடத்திலிருந்து 'நாளைக் காலைக்குள் விவரம் அனுப்புக' என்னும் செய்தி இரவு பத்து மணிக்கு வந்து சேர்கிறது. கொண்டாப்பூரின் இரவு, எங்கும் பரவி வரும் ஓர் இரவாகும்.

கல்லீரலில் நிகழ்வது

வளர்ந்த மனிதனின் கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் எடையுள்ளது. அதில் கொழுப்பு நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேற்பட்டால் அதனைக் கொழுப்பு ஈரல் என்பர். மது அருந்துவோருக்கே இது வரும் என்று பொதுமக்கள் எண்ணுவது தவறு. ஒரு துளி மதுவைத் தொடாதவருக்கும் வருகிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, ஆண்டுக் கணக்கில் ஓர் அறிகுறியும் இல்லாமல் இருக்கக் கூடும். சிலருக்கு அழற்சி ஏற்பட்டு, ஈரல் தழும்பேறி இறுகிப் போகிறது. பெரும்பாலோருக்கு அதற்கு முன்னரே நீரிழிவும் இருதய நோயும் வந்து கதவைத் தட்டுகின்றன. இந்திய அரசாங்கம் 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் இந்நோயைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது இதனாலேயே.

உண்ட உணவில் மிகுதியான மாச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது என்பது பாட நூலில் உள்ள செய்தி. ஆனால் மனத்தின் இறுக்கம் ஈரலை எட்டுவது எங்ஙனம்? இதற்கு விடை காண, அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கானனிடம் செல்ல வேண்டும். அபாயம் நேர்ந்தவிடத்து உயிர்கள் போரிடவோ ஓடவோ உடலை ஆயத்தம் செய்கின்றன என்பதை அவர் 1915-ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் சிறு சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளை இரத்தத்தில் விடுகின்றன. இருதயம் விரைந்து துடிக்கிறது, கல்லீரல் சேமித்து வைத்திருந்த சர்க்கரையை வெளியிடுகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. 1936-ஆம் ஆண்டில் மாண்ட்ரியால் நகரிலிருந்து ஹான்ஸ் செல்யே என்பவர் 'நேச்சர்' ஏட்டுக்குச் சுருக்கமான கடிதம் ஒன்று எழுதினார். குளிர், காயம், நஞ்சு, அளவுக்கு மீறிய உழைப்பு என்று இன்னல் எவ்வகையினதாயினும் எலியின் உடல் ஒரே வகையாகவே மாறுபடுகிறது என்பது அவர் கண்டது. இந்நிலையையே இன்று பத்திரிகைகள் 'மன அழுத்தம்' என்று எழுதுகின்றன. இறுக்கம் உடல் முழுவதையும் பற்றுவதாதலின், மனத்தை மட்டும் குறிக்கும் சொல் போதாது என்பதையும் கூற வேண்டும்.

புலியைக் கண்டு ஓடும் மனிதனுக்கு இவ்வேற்பாடு உயிர் காக்கும் ஏற்பாடு. ஓடுகையில் அச்சர்க்கரை செலவாகிறது. அபாயம் நீங்கியதும் உடல் அமைதி அடைகிறது. நாற்காலியில் அமர்ந்தவாறு மேலாளரின் கடுஞ்சொல்லைப் படிப்பவனுக்கும் இதே ஏற்பாடுதான் இயங்குகிறது. ஆனால் அவன் ஓடுவதில்லை. அதோடு, இறுக்கம் நாட்கணக்கில் நீடித்தால் கார்ட்டிசால் என்னும் மற்றொரு சுரப்பு மிகுந்து நிற்கிறது. அது பசியைத் தூண்டுகிறது. இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது. கொழுப்பை வயிற்றுப் பகுதியில் சேர்க்கிறது. கணக்குப் புத்தகத்தில் வரவு மட்டும் ஏறிக்கொண்டே போய், செலவுப் பத்தி வெறுமையாக இருப்பது போன்ற நிலை இது.

இலண்டன் பஸ்ஸும் அதன் படிக்கட்டும்

நாற்காலியின் கேட்டை முதன்முதலில் திருத்தமாக அளந்தவர் ஜெர்ரி மாரிஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர். இலண்டனில் ஓடிய இரட்டை மாடி பஸ்களில் ஓட்டுநர் ஒருவரும் நடத்துநர் ஒருவரும் இருந்தனர். இருவரும் ஒரே வர்க்கத்தினர். ஒரே ஊரின் புகையைச் சுவாசிப்பவர். ஊதியத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தார். நடத்துநரோ ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் வரை ஏறினார். போக்குவரத்துத் தொழிலாளர் ஏறத்தாழ 31,000 பேரின் நோய்க் குறிப்புகளை ஆராய்ந்து 1953-ஆம் ஆண்டில் மாரிஸ் வெளியிட்ட முடிவு, நடத்துநர்களுக்கு இருதய நாள நோய் குறைவாக வந்தது என்பதும், வந்தபோதும் உடனடி மரணம் மிகக் குறைவு என்பதுமாகும். கடிதங்களை எடுத்துக்கொண்டு நடந்தும் சைக்கிளிலும் சென்ற தபால்காரர்களை, மேசையில் அமர்ந்த குமாஸ்தாக்களோடு ஒப்பிட்டபோதும் அவ்வாறே தெரிந்தது.

இவ்வாராய்ச்சிக்கு ஒரு சுவையான பின்னுரை உண்டு. 1956-ஆம் ஆண்டில் அதே குழுவினர், போக்குவரத்துக் கழகம் தைத்துக் கொடுத்த சீருடைகளின் அளவுக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தனர். ஓட்டுநர்களின் இடுப்புச் சுற்றளவு, அவ்வவ் வயதிலுள்ள நடத்துநர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. ஆகவே ஓட்டுநர்கள் வேலையில் சேரும்போதே சற்றுப் பருத்தவராயிருந்திருக்கலாம். நோய்க்குப் படிக்கட்டு மட்டும் காரணம் அன்று என்று ஆராய்ச்சியாளர்கள் தாமே ஐயத்தை எழுப்பிக்கொண்டனர். பின்னர் வந்த எண்ணற்ற ஆராய்ச்சிகள் உடல் உழைப்பின் நன்மையை உறுதி செய்துவிட்டன. எனினும், தையற்காரரின் நாடாவைக் கூடச் சான்றாகக் கொண்டு தம் முடிவைத் தாமே சோதித்த அந்த மனப்பான்மையை ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக் கூறலாம்.

தலைமைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு

பெரும் பொறுப்பைச் சுமப்பவருக்கே இருதய நோய் என்று நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. பிரிட்டிஷ் அரசாங்க அலுவலகங்கள் நிறைந்த வொயிட்ஹால் என்னும் இலண்டன் வீதியின் பெயரைத் தாங்கிய ஆராய்ச்சி இந்நம்பிக்கையைத் தலைகீழாக்கியது. 1967-ஆம் ஆண்டில் தொடங்கி ஏறத்தாழ 17,500 ஆண் ஊழியர்கள் பல ஆண்டுகள் கவனிக்கப்பட்டனர். ஏவலர், வாயிற் காவலர் முதலிய கடைநிலை ஊழியரின் மரண விகிதம், உயர்நிலை நிர்வாகிகளுடையதைப் போல் மூன்று மடங்கு இருந்தது. கடைநிலையில் இருந்தவர் அதிகம் புகை பிடித்தனர் என்பது மெய்யே. ஆனால் புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகிய யாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் வேறுபாட்டின் பெரும்பகுதி எஞ்சி நின்றது. இவர்கள் எவரும் பட்டினி கிடந்தவர் அல்லர். எல்லோரும் நிலையான உத்தியோகம் உடையவர்.

எஞ்சி நின்றது எது என்று அறிய, மைக்கேல் மார்மட் என்பவரின் தலைமையில் 1985-ஆம் ஆண்டில் இரண்டாம் வொயிட்ஹால் ஆராய்ச்சி தொடங்கப்பட்டது. இம்முறை பெண்கள் உட்பட 10,308 பேர். தம் வேலையை எப்படிச் செய்வது, எப்போது செய்வது, எப்போது ஓய்வது என்பதில் தமக்குச் சிறிதும் உரிமை இல்லை என்று கூறியவர்களிடையே இருதய நோய் மிகுதியாகக் காணப்பட்டது. வேலைப் பளுவைவிட, வேலையின் மீது தனக்கு ஆட்சி இல்லாமை கொடிதாயிருந்தது.

இதே ஊழியர்களிடம் கேட்கப்பட்ட வேறு சில கேள்விகள் தலைமைப் பொறுப்பில் உள்ளோர் அனைவரும் அறியத் தக்கவை. நியாயமின்றிக் குறை கூறப்படுகிறீரா? மேலிடத்திலிருந்து போதிய விவரம் கிடைக்கிறதா? கிடைக்கும் விவரம் ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்கிறதா? உம் இடர்ப்பாட்டை மேலதிகாரி காது கொடுத்துக் கேட்கிறாரா? நல்ல வேலைக்குப் பாராட்டு உண்டா? இவற்றுக்குத் திருப்தியான விடை அளித்த ஆண்களுக்குப் பிற்காலத்தில் இருதய நாள நோய் ஏற்பட்டது, மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று 2005-ஆம் ஆண்டில் வெளியான முடிவு கூறுகிறது. கேட்கும் காது ஒன்று, மருந்துக் கடையில் விற்கும் பொருள் போல் அளவிடப்பட்டிருக்கிறது.

கொண்டாப்பூர் நிறுவனங்களின் மனநலச் சொற்பொழிவுகளும் பயிற்சி வகுப்புகளும் பெரும்பாலும் பணியாளனை நோக்கியவை: நீ நட, நீ மூச்சை இழுத்து விடு, நீ நன்றாக உறங்கு. அவை நல்லனவே. ஆயினும் அவன் உறங்கும் வேளையைத் தீர்மானிப்பவர் வேறொருவர். அறிவுரை கீழிருப்பவனுக்கும் அதிகாரம் மேலிருப்பவனுக்குமாகப் பிரிந்து கிடக்கும் வரை, ஈரலின் கொழுப்பு குறைவது அரிது. தலைவனுடைய பழக்கமே அவனுக்குக் கீழே இருப்பவர்களின் வேலைச் சூழ்நிலை ஆகிறது. ஆதலின் பின்வரும் பழக்கங்கள் பொறுப்பில் இருப்பவர் தாம் முதலில் கைக்கொள்ள வேண்டியவை. பொறுப்பில் இருப்பவர் என்பது மாவட்ட அதிகாரியை மட்டும் அன்று, நான்கு அங்கன்வாடிகளை மேற்பார்க்கும் ஊழியரையும் நாற்பது பிள்ளைகளுக்கு முன் நிற்கும் ஆசிரியரையும் குறிக்கும்.

இரவுச் செய்தி

முதலாவது, இரவில் கட்டளை அனுப்பாமை. இரவு பத்து மணிக்கு நினைவுக்கு வரும் விஷயத்தை அப்போதே அனுப்பினால் அனுப்பியவரின் மனம் இலேசாகிறது; பெறுபவரின் மனத்தில் அந்தப் பாரம் ஏறுகிறது. காகிதத்தில் குறித்து வைத்துக் காலையில் அனுப்பினால் ஒன்றும் கெட்டுவிடாது. கொள்ளை நோய், வெள்ளம், விபத்து ஆகியவை விலக்கு. அவற்றுக்குத் தொலைபேசியில் நேரே அழைப்பதே முறை. அவ்வாறு செய்தால், எழுத்தில் வரும் செய்தி எதுவும் காலை வரை காத்திருக்கலாம் என்று எல்லோரும் நிம்மதியாக உறங்குவர். பிரெஞ்சு நாட்டில் ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் இது பற்றித் தம் பணியாளருடன் பேசி முறை வகுக்க வேண்டுமென்று 2017-ஆம் ஆண்டு முதல் சட்டமே இருக்கிறது.

இதனோடு சேர்ந்தது, தலைவர் தாமே நேரத்தில் எழுந்து வீட்டுக்குப் போவது. மேலதிகாரி எட்டு மணி வரை அமர்ந்திருக்கும் அலுவலகத்தில் ஆறு மணிக்கு எழுந்திருக்க எவருக்கும் துணிவு வருவதில்லை. அவர் 'நீங்கள் போகலாமே' என்று வாயாற் சொல்லுவது பயன்படாது. அவருடைய நாற்காலி காலியாக வேண்டும். வாரத்துக்கு 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவரைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் நூற்றுக்கு 35 பங்கும், இருதய நாள நோயால் இறக்கும் அபாயம் நூற்றுக்கு 17 பங்கும் அதிகம் என்று உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் 2021-ஆம் ஆண்டில் கணித்தன.

உறக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் குறைவாக உறங்குவதைப் பெருமையாகக் கூறிக்கொள்ளும் தலைவர்கள் பலர். 'எனக்கு ஆறு மணி நேரம் போதும்' என்பர். அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்தில் செய்து 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், ஒரு பிரிவினரைப் பதினான்கு நாட்கள் இரவில் ஆறு மணி நேரமே படுக்கையில் இருக்கச் செய்தனர். அவர்களுடைய கவனமும் நினைவும் நாளுக்கு நாள் தேய்ந்து, இறுதியில் முற்றிலும் உறங்காமல் விழித்திருந்தவரின் நிலைக்கு வந்துவிட்டன. வியப்பு அதில் இல்லை. தம் திறமை குறைந்து போனதை அவர்களே உணரவில்லை என்பதுதான் வியப்பு. தூக்கக் கலக்கம் சிறிதே இருப்பதாக எண்ணிக்கொண்டிருந்தனர். ஆகவே, ஆறு மணி நேரம் தமக்குப் போதும் என்று ஒருவர் கூறும் சாட்சியத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. வளர்ந்தவருக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். அரைத் தூக்கத்தோடு அலுவலகம் வரும் அதிகாரி எரிந்து விழுவதும், வகுப்பில் ஆசிரியர் அற்பக் குற்றத்துக்குப் பிரம்பைத் தேடுவதும் குணக் கேட்டினால் மட்டுமே என்று சொல்ல முடியாது.

மருத்துவமனை, காவல் நிலையம், கொண்டாப்பூரின் கணிப்பொறிக் கூடம் போன்ற இடங்களில் இரவு வேலையைத் தவிர்க்க முடிவதில்லை. அங்கும் தலைவர் செய்யக் கூடியவை உண்டு. முறைப் பட்டியலைச் சில வாரங்களுக்கு முன்பே வெளியிடலாம். காலை முறையிலிருந்து மாலைக்கும், மாலையிலிருந்து இரவுக்குமாக முன்னோக்கி நகர்த்தலாம். இரவு முறை முடிந்தவரை அன்று பகலில் கூட்டத்துக்கு அழைக்காமல் இருக்கலாம். உடலினுள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதன் இயக்கத்தைக் கண்டறிந்த அறிஞர் மூவருக்கு 2017-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. அக்கடிகாரம் பின்னுக்குத் தள்ளப்படுவதைவிட முன்னோக்கித் தள்ளப்படும் முறையை எளிதில் பொறுத்துக்கொள்ளும்.

தட்டும் நாற்காலியும்

ஹைதராபாத் நகரின் மற்றொரு பகுதியான தார்நாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிலையம் இருக்கிறது. நீலகிரியின் குன்னூரில் 1918-ஆம் ஆண்டில் ஒற்றை அறையில் தோன்றி, 1958-ஆம் ஆண்டில் ஹைதராபாதுக்குக் குடி பெயர்ந்த நிலையம் அது. 2024-ஆம் ஆண்டில் அது வெளியிட்ட உணவு விதிகள், ஒரு நாளின் சக்தியில் தானியங்களின் பங்கு நூற்றுக்கு 45-க்கு மேற்படக் கூடாது என்கின்றன. நம் நாட்டில் அது 50 முதல் 70 வரை இருக்கிறது. பருப்பு, முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றின் பங்கோ வேண்டியதில் ஏறத்தாழ பாதிதான். தென்னாட்டுத் தட்டில் சோற்றைச் சற்றுக் குறைத்து, பருப்பையும் சுண்டலையும் காயையும் கூட்டினால் போதும். புதிய பண்டம் எதையும் தேட வேண்டியதில்லை. பன்னிரண்டு மணி இரவில் பிரியாணியைத் தருவித்து உண்ணும் கொண்டாப்பூர் வழக்கத்தைப் பற்றி அந்நிலையம் தனியே எதுவும் கூறவில்லை. கூறத் தேவையும் இல்லை. அலுவலகத் தலைவர் கவனிக்க வேண்டியது, ஒரு மணி முதல் இரண்டு மணி வரை கூட்டம் வைப்பதில்லை என்னும் ஒரே விதியை.

உட்கார்ந்திருக்கும் நேரத்தை உடைப்பது அடுத்தது. உணவுக்குப் பின் பத்து நிமிடம் நடந்தால், சுருங்கி விரியும் தசைகள் இன்சுலினின் துணை அதிகம் இன்றியே இரத்தச் சர்க்கரையை உறிஞ்சிக்கொள்கின்றன. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடல் உழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவு; நாள் ஒன்றுக்கு இருபத்திரண்டு நிமிடத்துக்கும் குறைவு. கொண்டாப்பூரை ஒட்டிய கோட்ல விஜயபாஸ்கர ரெட்டி தாவரவியல் பூங்காவில் விடியற்காலையில் நடப்போரைக் காணலாம். அவர்கள் பேறு பெற்றவர்கள். பூங்கா இல்லாத ஊரில் இருவர் பேச வேண்டிய விஷயத்தை மேசையில் பேசாமல் பள்ளித் திடலைச் சுற்றி நடந்தவாறு பேசலாம். நடக்கும்போது இருவரும் ஒரே திசையை நோக்குகின்றனர். தலைமை ஆசிரியரின் மேசைக்கு எதிரே நின்று சொல்லக் கூசிய குறையை அப்போது சொல்லிவிட முடிகிறது. ஆயுஷ் அமைச்சகம் அலுவலகங்களுக்கென்று ஐந்து நிமிட யோகப் பயிற்சி ஒன்றை வகுத்துத் தந்தது. நாற்காலியை விட்டு எழாதவருக்கு அதுவும் நல்ல தொடக்கமே.

மூச்சைப் பற்றியும் ஒரு குறிப்பு. சாதாரணமாக நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினெட்டு முறை மூச்சு விடுகிறோம். இத்தாலிய ஆராய்ச்சியாளர் 2001-ஆம் ஆண்டில் கத்தோலிக்க ஜபமாலைப் பிரார்த்தனையையும் யோக மந்திரம் ஒன்றையும் மெதுவாகச் சொல்லச் செய்து பார்த்தனர். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்து, இருதயத் துடிப்பை ஒழுங்கு செய்யும் நரம்பு இயக்கம் வலுவடைந்தது. சமயங்கள் வேறாயினும் மூச்சின் வேகம் ஒன்றாகவே அமைந்தது சிந்தனைக்குரியது. கோபமூட்டும் அறிக்கையைப் படித்தபின் பதில் எழுதுமுன், இவ்வாறு ஐந்து நிமிடம் மூச்சு விட்டுப் பார்க்கலாம். பதிலின் முதல் வரியேனும் மாறும்.

களத்திலும் பள்ளியிலும்

களப் பணியாளருக்கு இலக்கு என்று ஒன்று உண்டு. இத்தனை வீடுகள், இத்தனை ஊசிகள், இத்தனை மண் மாதிரிகள். இலக்கை மாற்றுவது பெரும்பாலும் உள்ளூர் மேற்பார்வையாளரின் கையில் இல்லை. ஆனால் வொயிட்ஹால் காட்டிய 'ஆட்சி' என்பது இலக்கை மாற்றுவது மட்டும் அன்று. வாரத்துக்கு அறுபது வீடுகள் என்றால், எந்த நாளில் எந்தத் தெரு என்பதை அவ்வூழியரே முடிவு செய்யட்டும். கூலி வேலைக்குப் போகும் பெண்கள் எந்நேரம் வீட்டில் இருப்பர் என்பது அவருக்குத்தான் தெரியும். ஒரே விவரத்தை மூன்று படிவங்களில் கேட்பதை நிறுத்த மேற்பார்வையாளர் ஒருமுறை மேலிடத்துக்கு எழுதினால், அதுவே அவருடைய ஊழியர்களுக்கு ஒரு வார விடுமுறைக்கு நிகராகும். மாதக் கூட்டத்தில் முதற் பத்து நிமிடத்தை ஊழியர் பேசுவதற்கே ஒதுக்கி, தாம் குறிப்பு மட்டும் எடுத்துக்கொள்ளும் அதிகாரிகளும் உண்டு. அங்கே கூறிய குறைகளில் ஒன்றையாவது அடுத்த கூட்டத்துக்குள் தீர்த்து, அதனை அறிவிக்கவும் வேண்டும். இல்லையெனில் மூன்றாம் மாதம் எவரும் வாய் திறவார்.

ஆசிரியருக்கும் அந்த ஐந்து கேள்விகள் பொருந்தும். நாற்பது பேர் முன்னிலையில் ஒரு பிள்ளையை இகழ்ந்தால் அப்பிள்ளையின் உடலில் நிகழ்வது, கானன் விவரித்த அதே நிகழ்ச்சியே. ஓட இடமில்லை, போரிட உரிமை இல்லை. திருத்தத்தைத் தனியே அழைத்துச் சொல்லுவதும், பாராட்டை எல்லோர் முன்னும் சொல்லுவதும் பழைய ஆசிரியர்கள் அறிந்திருந்த முறைதான். சோதனைத் தேதியை முன்கூட்டியே கரும்பலகையில் எழுதி, எழுதியவாறே நடத்துவதும் இவ்வகையைச் சேர்ந்தது.

தமக்கோ தம் கீழ்ப் பணி புரிபவருக்கோ இரண்டு வாரத்துக்கு மேலாக உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, வாழ்க்கையில் வெறுப்பு ஆகியவை நீடித்தால், பழக்கங்களைப் பற்றிய பேச்சோடு நின்றுவிடாமல் மருத்துவரை நாட வேண்டும். 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' என்னும் அரசாங்கத் தொலைபேசி உதவியின் எண் 14416, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. இடுப்பு அளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் தாண்டினால், அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொள்ள அதுவே போதிய காரணம்.

கொழுப்பு ஈரல், தழும்பேறும் நிலைக்கு முன் பெரும்பாலும் மீளக் கூடியது. உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே ஈரலின் கொழுப்பு குறையத் தொடங்குகிறது. ஏழு முதல் பத்துப் பங்கு குறைந்தால் அழற்சியும் தணிகிறது. எண்பது கிலோகிராம் எடையுள்ளவருக்கு ஐந்து பங்கு என்பது நான்கு கிலோகிராம்தான். ஆனால் அதற்கு வேண்டிய பழக்கம் எத்தனை நாளில் வேரூன்றும்? இருபத்தொரு நாள் என்று மேடைகளில் கூறுவதற்கு ஆதாரம் இல்லை. இலண்டனில் 96 பேரைக் கொண்டு செய்து 2010-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், உணவுக்குப் பின் நடத்தல் போன்ற சிறு செயல் தானாக வரும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்குப் பதினெட்டு நாட்களே போதுமாயிருந்தன. சிலருக்கு 254 நாட்கள் வரை பிடிக்கும் என்று கணிக்கப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியவர்களுக்கு அதனால் குறிப்பிடத் தக்க பின்னடைவு எதுவும் ஏற்படவில்லை.